"மினிமம் டியூ"ன்னா என்னன்னு உங்க அம்மாகிட்ட சொல்ல முடியுமா?

மாசக் கடைசி நாள். ராத்திரி பதினொரு மணிக்கு சித்தி பையன் போன் பண்ணினான்.

"அண்ணா, கம்பெனில ஏமாத்திட்டாங்கண்ணா."

காலேஜ் முடிச்சு சென்னையில முதல் வேலை, முதல் முழு மாசச் சம்பளம். ஆஃபர் லெட்டர்ல 8 லட்சம்னு போட்டிருந்தது. தம்பி அதை 12-ஆல வகுத்து, மாசம் 66,000 ரூபாய்னு மனசுல எழுதி வச்சுட்டான். அன்னிக்கு அக்கவுண்ட்ல வந்து விழுந்தது 51,425.

அந்த 66,000-ஐ நம்பி அவன் ஏற்கனவே வாக்கு கொடுத்திருந்தான். நண்பர்களோட சேர்ந்து எடுத்த வீட்டுல அவன் பங்கு வாடகை 14,000. அவன் படிப்புக்காக அடகு வச்ச நகையைத் திருப்ப, சித்திக்கு மாசம் 25,000. இப்ப குறையுற 15,000 எங்க இடிக்கும்? வீட்டு ஓனர்கிட்ட குறைச்சுக் கொடுக்க முடியாது. அம்மாகிட்டதான் குறைக்க முடியும்.

ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். யாரும் ஏமாத்தலை. எல்லாமே அதுலயே இருக்கு. சிடிசின்னு ஒரு வார்த்தைக்கு அவன் நினைச்ச அர்த்தம் வேற, கம்பெனி எழுதின அர்த்தம் வேற. அவ்வளவுதான்.

சிடிசி உங்க சம்பளம் கிடையாது

சிடிசிங்கிறது உங்களை வேலைக்கு வச்சுக்க கம்பெனிக்கு ஆகுற மொத்தச் செலவு. அது அவங்க பக்கத்துக் கணக்கு. தம்பியோட 8 லட்சத்தைப் பிரிச்சா இப்படி வருது:

வேரியபிள் பே 80,000. வருஷக் கடைசியில, டார்கெட் முடிஞ்சா, கம்பெனிக்கு லாபம் இருந்தா வரலாம்.
கம்பெனி கட்டுற பிஎஃப் 38,400. இது உங்க பணம்தான், ஆனா இப்ப கைக்கு வராது.
கிராஜுவிட்டி 15,392. ரெகுலர் ஊழியர்னா பொதுவா அஞ்சு வருஷம் வேலை பார்த்தாதான் கிடைக்கும்.
குரூப் இன்சூரன்ஸ் பிரீமியம் 8,208.

இதெல்லாம் போக மிச்சம் 6,58,000. இதுதான் கிராஸ் சம்பளம். மாசத்துக்கு 54,833. அதுல அவன் பங்கு பிஎஃப் 3,200, தொழில் வரி சுமார் 208 பிடிச்சா, கைக்கு 51,425. வருமான வரி வராத அளவுதான் அவன் சம்பளம்.

பிஎஃப் ரெண்டு தடவை போறதைக் கவனிச்சீங்களா? கம்பெனி பங்கும் சிடிசிக்குள்ள, உங்க பங்கும் சிடிசிக்குள்ள. "கம்பெனி எனக்கு எக்ஸ்ட்ராவா பிஎஃப் கட்டுது"ன்னு பல பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். எக்ஸ்ட்ரா இல்லை. சொன்ன 8 லட்சத்துக்குள்ளயே அதுவும் அடக்கம்.

அடுத்த தடவை எச்ஆர் "பேக்கேஜ் எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க"ன்னு கேட்டா, தயங்காம திருப்பிக் கேளுங்க: "வேரியபிள் தவிர்த்து மாசம் கைக்கு எவ்வளவு வரும்?" இது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. கூலி எவ்வளவுன்னு கேட்டுட்டு வேலைக்குப் போறது நம்ம ஊர்ல எல்லாரும் செய்யறதுதான்.

சித்திக்குத் தெரிஞ்ச ஃபைனான்ஸ்

தம்பிகிட்ட பேசி முடிச்சப்புறம் எனக்கு சித்தி ஞாபகம் வந்தது. சித்தி எட்டாவதோட படிப்பை நிறுத்தினவங்க. ஆனா அடகுக் கடையில அவங்களை யாரும் ஏமாத்த முடியாது. "ரெண்டு வட்டி"ன்னா நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய், வருஷத்துக்கு 24. "அசல் அப்படியே நிக்குது", "வட்டி மட்டும் கட்டி மாத்தி வச்சிருக்கேன்", "தவணை தாண்டினா நகை மூழ்கிடும்" எல்லாம் அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு.

அந்த வார்த்தைகளைக் கவனிங்க. மூழ்கிடும்! எவ்வளவு பயமா, எவ்வளவு நேரடியா இருக்கு. கேட்ட உடனே வயித்தைக் கலக்குது இல்லையா? கலக்கணும். ஏன்னா அந்த வார்த்தைகளை உண்டாக்கினது கடன் வாங்கின ஜனங்க. பட்டுத் தெரிஞ்சு வச்ச பேரு.

நம்ம கையில இருக்கிற இங்கிலீஷ் பண வார்த்தைகளைப் பாருங்க. பே லேட்டர். நோ காஸ்ட் இஎம்ஐ. மினிமம் டியூ. ப்ரீ அப்ரூவ்டு. லிமிட் என்ஹான்ஸ்மென்ட். ஒண்ணுலயாவது "கடன்"ங்கிற வாசனை வருதா? இதெல்லாம் கடன் கொடுக்கிறவங்களும் பொருளை விக்கிறவங்களும் வச்ச பேரு. எது வலிக்குமோ அது பேருக்குள்ள வராம பார்த்து வச்சது.

என் கருத்து இதுதான்: ஒரு பண வார்த்தையை உங்க வீட்டுல பேசுற தமிழ்ல, அம்மாவுக்குப் புரியற மாதிரி ஒரு வாக்கியமா உங்களால சொல்ல முடியலைன்னா, அந்த வார்த்தை உங்களுக்குத் தெரியாது. தெரியாத வார்த்தைக்குக் கீழ கையெழுத்துப் போடாதீங்க, "ஐ அக்ரீ"யும் தட்டாதீங்க.

நானே விழுந்த குழி: மினிமம் டியூ

இதை உபதேசமா எடுத்துக்காதீங்க. சிஏ பாஸ் பண்ணி முதல் வேலைக்குப் போன வருஷம், பேரு போட்ட கிரெடிட் கார்டு கைக்கு வந்த பெருமையில நானும் தேய்ச்சேன். அக்கா கல்யாணச் செலவுல ஒரு பகுதி அதுலதான் போச்சு. பில்லுல ரெண்டு தொகை இருந்தது. டோட்டல் டியூ, மினிமம் டியூ. கையில காசு கம்மி, மினிமம் கட்டினேன். ஏழு மாசம் அப்படித்தான் கட்டினேன். "டியூவைத்தான் கரெக்டா கட்டிட்டு வர்றோமே"ன்னு நிம்மதியாவும் இருந்தேன். மத்தவங்க கணக்கை ஆடிட் பண்றவன், சொந்த ஸ்டேட்மென்ட்டை ஏழு மாசம் ஒழுங்காப் படிக்கலை.

இன்னிய நிலவரத்துக்கு ஒரு கணக்கு போடறேன். பில் 40,000. மினிமம் 5 சதவீதம், அதாவது 2,000 கட்டறீங்க. மிச்சம 38,000. வட்டி மாசம் 3.5 சதவீதம்னா 1,330. அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி 239. ஆக 1,569. அடுத்த மாசம் நீங்க கட்டுற 2,000-ல அசல் குறையறது வெறும் 431 ரூபாய்!

அது மட்டும் இல்லை. பாக்கி வச்சுட்டீங்கன்னா புதுசா வாங்குற பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. இன்னிக்கு வாங்குற மளிகைக்கும் இன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

இப்ப இதை சித்தி பாஷையில சொல்லுங்க: "மூன்றரை வட்டிக்கு வாங்கியிருக்கேன் சித்தி, மாசாமாசம் வட்டி மட்டும் கட்டி மாத்தி வைக்கிறேன்." செருப்பைக் கழட்டிடுவாங்க. ரெண்டு வட்டிக்கே தூக்கம் வராத குடும்பம் அது. அதே விஷயம் "3.5 பர்சன்ட் பெர் மன்த்"னு வந்தப்ப எனக்கு ஒண்ணும் உறைக்கலை. பேங்க் டெபாசிட் வட்டியை வருஷக் கணக்குலயே கேட்டுப் பழகின காது, "பெர் மன்த்"தை விட்டுட்டு வெறும் 3.5-ஐ மட்டும் எடுத்துக்குச்சு. வருஷத்துக்கு அது 42 சதவீதம், கூட்டு வட்டி சேர்க்காமலே.

மினிமம் டியூவுக்கு என் தமிழ் இதுதான்: "இதைக் கட்டினா லேட் ஃபீஸ் வராது, கடனைக் கட்டாதவன்னு பேரும் வராது. வட்டி மட்டும் நிக்காம ஓடும்."

"செட்டில் பண்ணிட்டேன் சார்"

இந்த வார்த்தை கொஞ்சம் விசேஷம். ஏன்னா நம்ம பேச்சுத் தமிழ்லயும் "செட்டில்" இருக்கு. கணக்கு செட்டில் பண்ணிட்டேன்னா பைசா பாக்கி இல்லைன்னு அர்த்தம். லைஃப்ல செட்டில் ஆயிட்டான்னா இனி கவலையில்லைன்னு அர்த்தம். அதனாலேயே இதுல நிறைய பேர் விழறாங்க.

வீட்டுக் கடனுக்குப் பேப்பர் ரெடி பண்ண ஒரு தம்பதி வந்தாங்க. நல்ல சம்பளம், முன்பணமும் கையில இருந்தது. கடன் கிடைக்கலை. காரணம், சில வருஷம் முன்னாடி மனைவியோட கார்டுல 85,000 பாக்கி இருந்திருக்கு. வசூலுக்கு வந்தவர் "50,000 கட்டுங்க மேடம், செட்டில் பண்ணிடலாம்"னு சொல்லியிருக்கார். இவங்களும் வளையலை வித்துக் கட்டியிருக்காங்க. 35,000 மிச்சம், கடனும் முடிஞ்சதுன்னு சந்தோஷம்.

கிரெடிட் ரிப்போர்ட்ல அந்தக் கார்டு எதிர்ல "செட்டில்டு"ன்னு இருந்தது. அங்க அதுக்கு அர்த்தம்: "இவர் முழுசாக் கட்டலை. கிடைச்சதை வாங்கிட்டு விட்டுட்டோம்." முழுசாக் கட்டினா வர்ற வார்த்தை "குளோஸ்டு". ஒரே ஒரு வார்த்தை வித்தியாசம், பார்த்து வச்ச வீடு கை நழுவிப் போச்சு.

உங்களுக்கு இப்படி ஏதாவது இருந்தா, பேங்க்கோட பேசி மீதியைக் கட்டி, நோ டியூ சர்டிஃபிகேட் எழுத்துல வாங்குங்க. ரிப்போர்ட்ல மாத்தச் சொல்லிக் கேளுங்க. இந்தியாவுல சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க்னு நாலு பீரோ இருக்கு. ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமாக் கொடுத்தாகணும்.

சட்டுனு இன்னும் மூணு

நோ காஸ்ட் இஎம்ஐ: 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி, ஜீரோ பர்சன்ட் வட்டின்னு ஒண்ணே கிடையாதுன்னு வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. இப்ப நடக்கறது வேற ஏற்பாடு. 30,000 ரூபாய் போனை ஆறு மாசம் 5,000 வீதம் கட்டறீங்கன்னு வைங்க. பேங்க் 15 சதவீத வட்டி போடுது, சுமார் 1,270 ரூபாய். அந்த அளவுக்குக் கடைக்காரர் விலையில தள்ளிக் கொடுக்கிறார். ஆனா வட்டி மேல வர்ற ஜிஎஸ்டி 229 ரூபாய் உங்க தலையில. பிராசசிங் ஃபீஸ் 199-ம் அதுக்கான ஜிஎஸ்டியும் இருந்தா இன்னும் 235. ஆக "நோ காஸ்ட்"டோட காஸ்ட் 460 ரூபாய்க்கு மேல. பெரிய தொகை இல்லைதான். தெரிஞ்சு கொடுத்தா தப்பே இல்லை. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "முழுப் பணம் ரொக்கமாக் கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?"

ஃப்ளாட் ரேட்: ஒரு லட்சம் கடன், மூணு வருஷம், 12 சதவீதம். ரெட்யூசிங் முறையில மாசத் தவணை 3,321, மொத்த வட்டி சுமார் 19,570. ஃப்ளாட் முறையில தவணை 3,778, மொத்த வட்டி 36,000. ரெண்டுக்கும் பேரு "12 பர்சன்ட்"தான்! ஃப்ளாட்னா, நீங்க திருப்பிக் கட்டின பணத்துக்கும் கடைசி வரைக்கும் வட்டி வாங்கறாங்கன்னு அர்த்தம். உண்மையான வட்டி சுமார் 21 சதவீதம்.

ரிபேட்: "12 லட்சம் வரைக்கும் டாக்ஸ் ஃப்ரீ"ன்னு கேட்டுட்டு, "எனக்கு வரிக்குரிய வருமானம் 14 லட்சம், அப்ப மேல இருக்கிற 2 லட்சத்துக்கு மட்டும்தானே வரி?"ன்னு கேக்கறாங்க. இல்லை. எக்ஸெம்ப்ஷன்னா அந்த வருமானம் கணக்குக்குள்ளயே வராது. டிடக்ஷன்னா வருமானத்துல இருந்து கழிப்பாங்க. ரிபேட்னா வரியை முழுசாப் போட்டுட்டு அப்புறம் விட்டுக் கொடுக்கறது. 2025-26 நிதியாண்டுக்கான புது முறையில அந்த விட்டுக் கொடுக்கல் 12 லட்சத்தோட முடியுது. கொஞ்சமாத் தாண்டினவங்களுக்கு மட்டும் சின்ன நிவாரணம் உண்டு. 14 லட்சம்னா 4 லட்சத்துக்கு மேலே இருந்தே ஸ்லாப் படி வரி வரும். செஸ் சேர்த்து 93,600. அவர் மனசுல போட்ட கணக்கு 31,200.

இந்த இடத்துல எங்க தொழில்காரங்க மேலயும் தப்பு இருக்கு. "டாக்ஸ் சேவிங்"னு ஒரு வார்த்தையை நாங்களே பரப்பி விட்டோம். பிப்ரவரி, மார்ச் வந்தா அந்தப் பேர்ல பாலிசி விக்கிறாங்க. புது முறையில இருக்கிறவங்களுக்கு எய்ட்டி சி கழிவே கிடையாது. அப்ப அந்த பாலிசி எந்த டாக்ஸை சேவ் பண்ணுது? ஆபீஸ்ல நீங்க எந்த முறையைக் கொடுத்திருக்கீங்கன்னு முதல்ல பாருங்க.

"அப்ப எல்லாத்தையும் தமிழ்ல மாத்திட்டா சரியாயிடுமா?"

சரியாகாது. "குறைந்தபட்சம் செலுத்த வேண்டிய தொகை"ன்னு தமிழ்ல அச்சடிச்சுக் கொடுத்தாலும் நான் அதே ஏழு மாசம் அதே தப்பைப் பண்ணியிருப்பேன். இன்னொரு உதாரணம், ரைட் ஆஃப். பேங்க் தன் புத்தகத்துல இருந்து கடனை எடுத்து வைக்கிறது அது. கடன் வாங்கினவர் இன்னும் கட்டியாகணும், வசூலும் நடக்கும். வெய்வர்னா கட்டவே வேண்டாம்னு விட்டுடறது. ரெண்டையும் நம்ம செய்திகள்ல பல நேரம் "தள்ளுபடி"ன்னு ஒரே வார்த்தையில எழுதிடறாங்க. தமிழ்ல சொன்னதுக்காக குழப்பம் போயிடுச்சா?

"இங்கிலீஷ் நல்லாக் கத்துக்கிட்டா போதும்"னு சொல்றவங்களுக்கும் இதே பதில்தான். என் இங்கிலீஷ் சுமார் ரகம் இல்லை. பரீட்சை முழுக்க இங்கிலீஷ்லதான் எழுதினேன். அந்தத் தம்பதி ரெண்டு பேரும் இங்கிலீஷ் மீடியம். மினிமம், செட்டில், நோ, காஸ்ட் எல்லாம் ரெண்டாங்கிளாஸ் வார்த்தை. அர்த்தம் தெரிஞ்ச மாதிரியே இருக்கறதாலதான் யாரும் நின்னு கேக்கறதில்லை. டிபென்சர், டெரிவேட்டிவ்னு ஒரு முரட்டு வார்த்தை வந்தா நாமே பயந்து நாலு பேரைக் கேப்போம்.

வார்த்தைக்கு வார்த்தை மாத்தறது வேணாம். வாக்கியமா மாத்துங்க. அதுக்கு நான் வச்சிருக்கிற மூணு கேள்வி இது:

ஒண்ணு, பணம் யார்கிட்ட இருந்து யாருக்கு, எப்பப் போகுது?
ரெண்டு, சதவீதம்னு சொன்னா, எந்தத் தொகை மேல? மாசத்துக்கா, வருஷத்துக்கா?
மூணு, நடுவுல என்னால கட்ட முடியாமப் போனா என்ன ஆகும்?

எந்த வார்த்தையையும் இந்த மூணுலயும் போட்டுப் பாருங்க. "கியாரண்டீடு 10 பர்சன்ட்"னு ஒரு ஏஜென்ட் சொன்னா, ரெண்டாவது கேள்வியைக் கேளுங்க. கட்டின மொத்தப் பணத்துல 10-ஆ, வருஷப் பிரீமியத்துல 10-ஆ, சம் அஷ்யூர்டுல 10-ஆ? அவர் முகத்தைப் பார்த்தாலே பாதி பதில் கிடைச்சுடும்.

கடன் வாங்குறப்ப உங்களுக்கு உரிமையும் இருக்கு. 2024 அக்டோபர் 1-லிருந்து ஒவ்வொரு புது தனிநபர் கடனுக்கும், வீட்டுக் கடனுக்கும், வண்டிக் கடனுக்கும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்னு ஒரு தாள் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. அதுல ஏபிஆர்னு ஒரு எண் இருக்கும். கட்டணம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில எத்தனை சதவீதம்ங்கிறது அதுதான். ரெண்டு கடனை ஒப்பிடணும்னா விளம்பரத்துல இருக்கிற வட்டியைப் பார்க்காதீங்க, இந்த எண்ணைப் பாருங்க. அந்தத் தாள் உங்களுக்குப் புரியற மொழியில இருக்கணும், உங்களுக்கு விளக்கிச் சொல்லணும்னும் விதியிலேயே இருக்கு. தமிழ்ல கேக்கறதுக்கு வெக்கப்படாதீங்க. கிரெடிட் கார்டு பாக்கிக்கு மட்டும் இந்தத் தாள் வராது. அங்க நீங்களேதான் மூணு கேள்வியும் கேட்டுக்கணும்.

தம்பி என்ன பண்ணினான்

அன்னிக்கு ராத்திரி அவனுக்கு ரெண்டு வழி இருந்தது. "அம்மாவுக்கு 25,000 அனுப்பிட்டு மிச்சத்தைக் கார்டுல தேய்ச்சுக்கிறேண்ணா, மினிமம் டியூ கட்டிக்கலாம்"னு அவனே சொன்னான். அடுத்த குழிக்கு அவனே காலை எடுத்து வச்சுட்டான்! நான் ஒண்ணுதான் சொன்னேன்: "இப்ப நீ பண்ணப் போறதை அப்படியே அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லு. இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணு கூட வரக் கூடாது."

மறுநாள் காலையில சித்தியே எனக்குப் போன் பண்ணினாங்க. "ரெண்டு வட்டி நகையைத் திருப்பறதுக்கு மூன்றரை வட்டிக்கு வாங்குறேங்கிறான், என்னப்பா படிப்பு இது?" அப்புறம் அவங்களே முடிவும் சொல்லிட்டாங்க. மாசம் 12,000 அனுப்பினாப் போதும், நகை கொஞ்சம் லேட்டாத் திரும்பட்டும், கார்டை வீட்டுல வச்சுட்டு ஆபீஸுக்குப் போகட்டும்.

பதினைஞ்சு வருஷம் கணக்கோட இருக்கிற நான் சொல்லியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

இந்த சனிக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. உங்க சம்பளச் சீட்டு, கார்டு ஸ்டேட்மென்ட், ஏதாவது கடன் இருந்தா அந்தத் தாள், மூணையும் எடுத்து வச்சுக்குங்க. புரியாத வார்த்தை, புரிஞ்ச மாதிரி இருக்கிற வார்த்தை ரெண்டுக்கும் கீழ கோடு போடுங்க. வீட்டுல யாரையாவது பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொண்ணையும் சொல்லிப் பாருங்க. எந்த வார்த்தையில நாக்கு தடுமாறுதோ, அதை எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த வீடியோ அதைப் பத்தித்தான்.